ஆல்க்மாரின் விக்டோரி, பார்சலோனாவின் குவன்யார்: வெற்றிச் சொற்களோடு உங்கள் அனுபவம்?

ஆல்க்மார்வாசி:
நெதர்லாந்தில் இருக்கும் எங்கள் ஆல்க்மாரில் அக்டோபர் 8 திருவிழா. 1573-இல் ஸ்பானியப் படை முற்றுகையைக் கைவிட்ட நாள். மதகைத் திறந்து, கரையை வெட்டி, வயலெல்லாம் தண்ணீர் விட்டே துரத்தியிருக்கிறார்கள். "ஆல்க்மாரில்தான் விக்டோரி தொடங்குகிறது" என்பது இங்கே எல்லார் வாயிலும் வரும் வாசகம். ஊர்வலம் பார்க்க நின்ற பெரியவரிடம், "டச்சு வகுப்பில் வெற்றிக்கு ஓவர்வின்னிங் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். "விக்டோரி லத்தீன் சரக்கு தம்பி, திருவிழாவுக்கு எடுப்போம். பேப்பரில் விளையாட்டுப் பக்கம் பார், ஸேகே என்றிருக்கும்" என்றார். ஸேகே, ஜெர்மன்காரர்களின் ஸீக், இரண்டுக்கும் வெற்றி என்றே பொருள், இரண்டும் ஒரே வேர். ஆசீர்வாதத்துக்கான ஸேகென் மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது சிலுவைக் குறி போடுவதிலிருந்து, குறி என்று பொருள்படும் 'சிக்னும்' என்ற லத்தீன் சொல் வழியாக வந்தது. எத்தனை பேர் குழப்பிக்கொள்கிறார்கள்!

ஹெங்கலோவிலிருந்து:
ஓவர்வின்னிங்கில் இருக்கும் வின்னென் இன்று ஜெயிப்பது, ஆதியில் பாடுபடுவது, மல்லுக்கட்டுவது. எங்கள் பக்கம் நிலத்தடியிலிருந்து உப்பு எடுக்கிறார்கள், அதற்குப் பெயர் ஸவுட்வின்னிங். வந்த புதிதில் பலகையைப் பார்த்துவிட்டு, உப்பை யார் ஜெயித்தார்கள் என்று விழித்தேன். கடலிடமிருந்து நிலம் மீட்பதற்கும் இதே வின்னென்தான்.

பார்சலோனா மாணவி:
இங்கே பேசும் கத்தலான் மொழியில் வெற்றிக்கு விக்தோரியா உண்டு, நேரே லத்தீன். ஆனால் ஆட்டம் முடிந்த இரவு தெருவில் அதையா கத்துகிறார்கள்? "எம் குவன்யாத்!", ஜெயிச்சுட்டோம். இதன் மூல வினை குவன்யார், ஜெயிப்பது. அது அசல் லத்தீன் என்றே நினைத்திருந்தேன். கூடத் தங்கியிருக்கும் மொழியியல் மாணவி சிரித்துவிட்டு விளக்கினாள்: பிராங்குகள் என்ற பழைய இனத்தாரின் ஜெர்மானியப் பேச்சிலிருந்து வந்ததாம். இரை தேடுவது, மேய்ச்சல் தேடுவது என்பதுதான் பழைய பொருள். அதிலிருந்து சம்பாதிப்பது, பிறகு ஜெயிப்பது. இன்றும் சம்பளம் வாங்குவதற்கும் அதே குவன்யார்தான். பிரெஞ்சின் கான்யே இதன் உடன்பிறப்பு.

ஆல்க்மார்வாசி:
மேய்ச்சலா! அப்படியானால் எங்கள் வெய்டே, மாடு மேயும் புல்வெளி, இதற்குச் சொந்தம். டச்சுக்காரர் திருவிழாவுக்கு லத்தீனைக் கடன் வாங்க, கத்தலான்காரர் ஜெர்மானியச் சொல்லைத் தெருவில் கத்துகிறார்கள். பெரியவர் அடுத்த அக்டோபரில் அகப்பட்டால் முதலில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஹெங்கலோவிலிருந்து:
சொல்லுங்கள். பிரெஞ்சு, இத்தாலி தெரிந்தவர்கள் இருந்தால் அந்தப் பக்கத்துக் கதையையும் எழுதுங்களேன்.