ருஸ்ட்ரெலா வைரஸ்: மரபணு வரிசை கிடைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி):
வணக்கம். ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையை ஒட்டிய ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் மூளை அழற்சி கண்டு இறந்த கழுதை, கேப்பிபாரா (பெரிய கொறிவிலங்கு), சிவப்புக் கழுத்து வாலபி (சிறிய கங்காரு போன்றது) ஆகிய மூன்றிலும் அதுவரை அறியப்படாத ஒரே வைரஸ், அதாவது ருஸ்ட்ரெலா, இருந்ததாக 2020இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இறந்த விலங்கின் திசுவில் ஒரு வைரஸின் மரபணு வரிசை கிடைத்துவிட்டாலே, அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? அது தற்செயலாக அங்கே இருந்திருக்கக் கூடாதா?

பதில் (நோய்க்குறியியல் ஆசிரியர்):
தங்கள் ஐயம் சரியானது. வரிசை மட்டும் போதாது. எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் மூளைத் திசுவிலிருந்த ஆர்.என்.ஏ. (இவ்வகை வைரஸ்களின் மரபுப்பொருள்) முழுவதையும் வரிசைப்படுத்தியபோதுதான், நம் குழந்தைகளுக்குத் தட்டம்மையோடு சேர்த்துத் தடுப்பூசி போடுகிறோமே, அந்த ரூபெல்லாவின் நெருங்கிய உறவான இவ்வைரஸ் தென்பட்டது. அதுவரை அக்குடும்பத்தில் ரூபெல்லா ஒன்றே இருந்தது. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. மெல்லிய திசுச் சீவல்களில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மட்டும் நிறமேற்றிப் பார்த்து, அது நரம்பணுக்களுக்குள்ளேயே இருப்பதைக் காட்டினார்கள். எனினும் என்னை முழுமையாக நம்ப வைத்தவை எலிகளே. காட்சிச்சாலையிலும் அதன் அருகிலும் பிடிபட்ட மஞ்சள் கழுத்து வயல் எலிகளில் அதே வைரஸ் இருந்தும் அவற்றின் மூளையில் அழற்சி இல்லை. அதாவது, தாம் நோயுறாமல் வைரஸைச் சுமந்து மற்ற விலங்குகளுக்குப் பரப்புபவை இவ்வெலிகளே என்று கருதலாம். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று விலங்குகள், அவற்றுள் ஒன்று பைம்மாவினம், ஒரே வளாகத்தில் எப்படி நோயுற்றன என்பதற்கு அதுவே விடை தருகிறது.

பதில் (ஆய்வகப் பணியாளர்):
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதலில் வெளியான மரபுத்தொகுதியில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. குவனைன், சைட்டோசின் என்னும் மரபெழுத்துகள் மிகுந்த இடங்களை வரிசைப்படுத்துவது கடினம் என்பதால், வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் கேப்சிட் புரதத்துக்குரிய பகுதி முழுமையாகக் கிடைக்கவில்லை. 2022இல்தான் அது சரிசெய்யப்பட்டது. ஆகவே, சோதனையில் வைரஸ் அகப்படவில்லை என்பதை வைரஸ் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், காரணம் தெரியவில்லை என்று முன்பே முடிக்கப்பட்ட இறப்புகளை இப்போது மீண்டும் ஆராய முடியுமா?

பதில் (நோய்க்குறியியல் ஆசிரியர்):
முடியும், திசு பாதுகாக்கப்பட்டிருந்தால். 1980களில் மேற்கு ஜெர்மனியில் மூளை அழற்சியால் இறந்த வளர்ப்புச் சிங்கங்களின் மெழுகில் பதித்து வைத்திருந்த திசுக் கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது இவ்வைரஸே அவற்றிலும் காணப்பட்டது. சுவீடனில் 1970கள் முதல் அறியப்பட்ட பூனைகளின் தள்ளாட்ட நோய்க்குப் பல ஆண்டுகளாக, மூளையைத் தாக்கும் மற்றொரு வைரஸான போர்னாவையே குற்றம் சாட்டிவந்தோம். 2023இல் அந்தப் பூனைகளின் மூளையிலும் ருஸ்ட்ரெலாவே கண்டறியப்பட்டது. உடற்கூறாய்வின்போது ஒரு துண்டை ஃபார்மலினிலும் மற்றொன்றை உறைநிலையிலும் தனித்தனியே வையுங்கள்.