டோக்கியோவில் ஒரு சைக்கிளும் ஒரு வாக்குமூலமும்

ஜப்பானில் போலீஸ் வழிமறிப்பது பெரும்பாலும் இரண்டு நிமிட விஷயம். வெளிநாட்டவருக்குத் தரும் வசிப்பு அட்டையைப் பார்ப்பார்கள், நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். இல்லாமல் போனால் 2 லட்சம் யென் வரை அபராதம், காட்ட மறுத்தால் சிறைத் தண்டனைகூட உண்டு. அதனால் அதில் வாதாடிப் பயனில்லை. என்னைப் பிடித்தது சைக்கிளுக்காக.

ஊர் திரும்பிய சக ஊழியர் தன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அங்கே சைக்கிளுக்கும் போலீஸ் பதிவு உண்டு, ஸ்டிக்கரில் எண் இருக்கும். ஒரு ராத்திரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து, எண்ணை வயர்லெஸ்ஸில் ஒவ்வொன்றாக வாசித்தார். பதில் வந்தது: பதிவு வேறொருவர் பெயரில். கொஞ்ச நேரத்தில் இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள்.

பையைப் பார்க்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். தலைவலி மாத்திரை அட்டையைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். கைதாகாதவரை போவதும் போகாததும் நம் விருப்பம் என்கிறது சட்டம். நான்கு பேர் சூழ்ந்து நிற்கும்போது அந்த விருப்பம் என்ன பெறும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உண்மையான ஆபத்து உள்ளேதான். வாக்குமூலத்தை நாம் எழுதுவதில்லை. அதிகாரியே ‘நான்’ போட்டு எழுதுகிறார். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டியபோது, “என்னுடையது அல்ல என்று தெரிந்தே ஓட்டினேன்” என்று ஒரு வரி. நான் சொன்னது நண்பர் கொடுத்தார் என்று. மாற்றினால்தான் கையெழுத்து என்றேன். பெருமூச்சு விட்டுத் திரும்ப எழுதினார். திருத்தச் சொல்லவும், கையெழுத்திட மறுக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நண்பர் வாட்ஸாப்பில் கடை ரசீதை அனுப்பினார், விட்டுவிட்டார்கள். அவர்கள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

கைதானால் கதையே வேறு. முதலில் 72 மணி நேரம், பிறகு நீதிபதி அனுமதித்தால் பத்துப் பத்து நாளாக, மொத்தம் 23 நாள் வரை குற்றப்பத்திரிகை இல்லாமலே வைத்திருக்கலாம். அதுவரை ஜாமீனும் இல்லை. விசாரணை அறையில் வக்கீல் கூட உட்கார முடியாது. ஆனால் வழக்கறிஞர் சங்கத்தின் ‘தோபான் பெங்கோஷி’, அதாவது முறை வைத்துப் பணியில் இருக்கும் வக்கீல், ஒருமுறை இலவசமாக வந்து பார்ப்பார். அவரை நாம்தான் கேட்க வேண்டும். தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்பதையும் நாமே கேட்பது நல்லது, 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு தரும் உரிமை அது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் நேபாளி கோவிந்த மைனாலியின் வழக்கைப் பாருங்கள். 1997இல் கொலை வழக்கில் கைது. 2000இல் கீழ்க்கோர்ட் விடுதலை செய்தும் வெளியே விடவில்லை. அதே ஆண்டு மேல்கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. டிஎன்ஏ சோதனையில் வேறொருவரின் தடயம் தெரிந்து, 2012இல் மறுவிசாரணையில்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

தோபான் பெங்கோஷியைக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு நேரத்தில் வந்தார், கூடவே மொழிபெயர்ப்பாளரும் வந்தாரா என்று எழுதுங்கள்.