40 வினாடி டைமர் 42 வரை இழுக்கிறது, ஆவணத்தில் என்ன எழுத?

அம்பத்தூர்_போர்டு:
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை எங்களுடையது. கேன் தண்ணீர் நிரப்பும் எந்திரத்துக்கு லினக்ஸ் போர்டும் டிரைவரும் (வால்வை இயக்கும் மென்பொருள்) செய்து கொடுக்கிறோம். வால்வு திறந்தால் 40 வினாடி, 20 லிட்டர், உடனே மூட வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.4 பதிப்பில் நான்கு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதம் 5.10-க்கு மாற்றினோம். மறுநாளே மாதவரத்திலிருந்து போன்: கேன் வழிகிறது.

வால்வு ஒட்டுகிறது என்று நினைத்து இரண்டு வால்வை மாற்றினேன். பிறகுதான் டிரைவரில் நேரத்தைப் பதிவு செய்து பார்த்தேன்: 40.3, 41.7, 40.9. ஒருமுறைகூட 40-க்குக் கீழே வரவில்லை. எச்இசட் 250, அதாவது கெர்னல் கடிகாரம் வினாடிக்கு 250 முறை துடிக்கும். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன் நான். கேனுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தரையில் ஓடுவதைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஆவணத்தில் “40 வினாடியில் வால்வு மூடும்” என்று எழுதியவனும் நான்தான். புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் படித்துவிட்டு, “அண்ணா, இந்த வரி தப்புதானே?” என்றாள். தப்புதான். சரியான வரி எது?

தரமணி_கெர்னல்:
வால்வின்மேல் பழி இல்லை சார். 2016-இல் வந்த 4.8-இல் டைமர் சக்கரத்தையே மாற்றிவிட்டார்கள். டைமர்களைக் கெடுவின் தூரப்படி தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கும் அமைப்பு அது. பழைய சக்கரத்தில் தூரத்துக் கெடு நெருங்க நெருங்க டைமர் கீழ்த்தட்டுக்கு இறங்கும். அதனால் கடைசியில் ஒரு ஜிஃபி (கடிகாரத்தின் ஒரு துடிப்பு) அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். அப்படித் தட்டுத் தட்டாக இறக்கும் வேலைக்குச் செலவு அதிகம். கெர்னல் டைமர்களில் பெரும்பாலானவை நெட்வொர்க் டைம்அவுட் மாதிரி, ஃபயர் ஆகும் (கெடு வந்து வேலையைத் தொடங்கும்) முன்பே ரத்தாகிவிடுபவை. அவற்றுக்கு எதற்குத் துல்லியம் என்று அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தத் தட்டில் விழுகிறதோ அந்தத் தட்டின் படிக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும்.

எச்இசட் 250-இல் முதல் தட்டுக்குப் படி 4 மில்லிசெகண்ட். அடுத்தது 32, அதற்கடுத்தது 256. ஏறத்தாழ 16 முதல் 131 வினாடி வரை கேட்டால் படி 2048 மில்லிசெகண்ட். உங்கள் 40 அங்கேதான் விழுகிறது. கெர்னலின் உயர்துல்லிய டைமரான எச்ஆர்டைமருக்கு மாறுங்கள், அது 2006-லிருந்தே (2.6.16) இருக்கிறது.

பெரம்பூர்வாசி:
கோடில் 38 என்று வைத்துவிட்டால் போதாதா?

தரமணி_கெர்னல்:
கூடாது. தாமதம் ஒவ்வொரு முறையும் வேறுவேறு. 38 வைத்தால் சில கேன் 19 லிட்டரோடு போகும், காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது நஷ்டம்.

மயிலை_ஆவணம்:
சொல்லைப் பற்றி ஒன்று. “40 வினாடியில்” என்றால் 40-க்குள் என்றும் கொள்ளலாம், 40 முடிந்ததும் என்றும் கொள்ளலாம். கெர்னல் தருவதோ ஒரே உறுதி: முன்னால் வராது. ஆகவே “குறைந்தது 40 வினாடி கழித்து” என்று எழுதுங்கள். டைமரின் நேரம் முடிவதைக் குறிக்கும் “காலாவதி” என்ற சொல்லையும் விட்டுவிடலாம், மாத்திரை அட்டைதான் நினைவுக்கு வருகிறது. “கெடு” நம் வீட்டுச் சொல். கெடு வைப்பது, கெடு தாண்டுவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். கெர்னல் எண்ணையும் எச்இசட்டையும் அதே வரியில் போடுங்கள். உங்கள் பழைய வரி 4.4-இல் உண்மையாகத்தான் இருந்தது.

அம்பத்தூர்_போர்டு:
எல்லோருக்கும் நன்றி. எச்ஆர்டைமருக்கு மாற்றியதில் ஒன்று கற்றோம். அதன் கால்பேக் (கெடு வந்ததும் அழைக்கப்படும் நிரல்) இன்டரப்ட் சூழலில், அதாவது மற்ற வேலையை இடைமறித்து ஓடுகிறது, அங்கே தூங்கக்கூடாது (காத்து நிற்கக்கூடாது). வால்வை இயக்கும் எங்கள் ரிலேவுக்குக் கட்டளை ஐ2சி என்ற இணைப்பு வழியாகப் போகிறது, அது தூங்கும். ஆகவே மூடும் வேலையை, தூங்க அனுமதியுள்ள வேலை வரிசையான வொர்க்கியூவுக்கு அனுப்பினோம். நேற்று 60 கேன் ஓட்டியதில் அதிகபட்சத் தாமதம் 3 மில்லிசெகண்ட்.

ஆவணத்தில் இப்போது இப்படி இருக்கிறது, அந்தப் பெண்தான் எழுதினாள்:

“கெர்னல் 4.8 முதல், எச்இசட் 250: சாதாரண டைமர் கெடுவுக்கு முன் ஃபயர் ஆகாது. 40 வினாடி கெடு வைத்தால், சக்கரத்தால் மட்டுமே ஏறத்தாழ 2 வினாடி வரை பிந்தலாம். கணினியின் சுமையால் வரும் தாமதம் இதற்கு மேல் தனி. வால்வை இதைக்கொண்டு மூட வேண்டாம். சென்சார் பதில் தரவில்லை என்று முடிவு செய்வதற்கு மட்டும் பயன்படுத்தவும்.”

வியாழக்கிழமை மாதவரத்துக்கு அனுப்புகிறோம். பிழை இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.