கரடி பாஞ்சா தடுக்குற கைத்துப்பாக்கி எது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன்ல இருந்து எழுதுறேன். அக்கா மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினவன், இப்ப அலாஸ்காவுல கோடியாக் தீவுல வேலை. லீவு கிடைச்சா ஆத்துல சால்மன் பிடிக்கப் போயிருவான், கடக்கரைப் பிள்ளையாச்சே. போன வாரம் மீனை வகுந்துட்டு நிமிர்ந்தா, முப்பதடி தள்ளிப் புல்லுக்குள்ள பழுப்புக் கரடி. மூக்கைத் தூக்கி மோந்துட்டு அதுவாத் திரும்பிருச்சு. வீடியோ கால்ல சொல்றப்பவும் அவன் கை நடுங்குச்சு. அங்க பெரிய ஆண் கரடி 600 கிலோவைத் தாண்டும்.

"மாமா, .44 மேக்னம் ரிவால்வரா, 10 எம்.எம். கிளாக் 20 பிஸ்டலா?"ன்னு கேக்குறான். மேக்னத்துக்கு அடி பலம், ஆனா பெரும்பாலும் ஆறு குண்டுதான், உதைப்பும் அதிகம். கிளாக்ல 15 குண்டு. பயல் ஒல்லி, சுடவே இனிமேதான் பழகணும். கொழுப்பு, எலும்பெல்லாம் துளைச்சு ஆழமாப் போகணும்னா விரியாத கெட்டி ஈயக் குண்டுதானே சரி?

என்னைக் கேட்டா, கரடி ஸ்பிரே (மூஞ்சில அடிக்கிற மிளகாய்க் காரப் புகை) தான் முதல்ல கைக்கெட்டுற இடத்துல இருக்கணும். ஆனா எதிர்காத்துல அது நம்ம மூஞ்சிக்கே திரும்புமே; கச்சான் காத்துல நின்னவங்களுக்கு இது புரியும்.

ராணுவத்துல இருந்தவங்க, அந்தப் பக்கம் வசிக்கிறவங்க யாராவது சொல்லுங்க. தண்ணிக்குள்ள நிக்கிறவனுக்குத் துப்பாக்கி வைக்க இடுப்பு உறையா, நெஞ்சு உறையா? அடுத்த மாசம் மறுபடி ஆத்துக்குப் போறான். அக்காவுக்கு இன்னும் தெரியாது.