பேனல் கதவு திறந்த சத்தம்

பழைய பிட்டர்:
ஆலையின் பெரிய மிக்சர் தொட்டிக்குள் இறங்கி பிளேடு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். சுவிட்சை அணைத்து, 'ஆள் உள்ளே' அட்டையும் மாட்டியிருந்தேன். ஷிப்ட் மாறும் நேரம். யாரோ விசிலடித்துக்கொண்டே வந்தார்கள். அப்புறம் மிக்சரின் சுவிட்சுகள் இருக்கும் பேனல் கதவு திறந்த சத்தம். கத்தினேன், தொட்டிக்குள் என் குரல் எனக்குத்தான் கேட்டது. ஸ்பேனரால் சுவரில் அடி அடியென்று அடித்தேன். விசில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 6 வருடமாக, யார் விசிலடித்தாலும் கை ஸ்பேனரைத் தேடுகிறது.

ஒன்பதரை விரல்:
எனக்கு ட்ரில்லிங் மெஷின். உலோகச் சுருள் கிழிக்குமே என்று நானாகத்தான் துணி கிளவுஸ் போட்டேன். அதன் நூல் ஒன்று துளைபோடும் பிட்டில் சுற்றியதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கையை இழுத்தது ஞாபகம் இல்லை. எமர்ஜென்சி பட்டனைத் தட்டிய பிறகும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றி ஓய்ந்துதான் நின்றது.

இரவு ஷிப்ட்:
கிளவுஸ் மேல் பழி போடாதீர்கள். தொளதொளவென்று போட்டதுதான் தப்பு. எங்களிடத்தில் கிளவுஸ் இல்லாவிட்டால்தான் திட்டு விழும்.

ஒன்பதரை விரல்:
தகடு தூக்கும்போது போடுங்கள், சரி. சுற்றுகிற பிட் பக்கத்தில் இறுக்கமான கிளவுஸும் வேண்டாம். சுருளைத் தள்ள பிரஷ் போதும். வெட்டுக்காயம் ஆறிவிடும் ஐயா.

கயிறுக்காரன்:
பிட்டர் அண்ணே, அட்டை யாரையும் தடுக்காது. மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரில் உங்கள் பூட்டு, சாவி உங்கள் பையில். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், தப்பான பிரேக்கரைப் பூட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். காற்றை அளந்தீர்களா? சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே என்றால் இறங்கவே கூடாது. கழிவுத் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பிறகு அடங்கினால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கூடினால் மூக்கு மரத்துவிடும். ஒருமுறை அப்படி ஒரு தொட்டியில் மயங்கிக் கிடந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், காலர் கையோடு வந்துவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார்.

பழைய பிட்டர்:
காற்றைப் பற்றி நான் கேட்கவே இல்லையே தம்பி. இருந்தாலும் அந்தக் காலர் மனதை என்னவோ செய்கிறது. பூட்டு இப்போது வந்துவிட்டது. விசிலடித்தவர் அதே ஷிப்டில்தான் இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.