பழைய கார் சீட்: சாய்மானம் லாக் ஆகாமல் பின்னால் வழுக்குகிறது, உதவி தேவை

பழையவண்டி:
வணக்கம். 70களில் வந்த நாலு கதவு கார். டிரைவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்தால் 'டக்' என்று ஒரு பல் பின்னால் போகிறது, பள்ளத்தில் விழுந்தால் இரண்டு பல். லீவர் கதவுப் பக்கம். இழுத்து விட்டால் முழுசாக இறங்காமல் பாதியில் நிற்கிறது, கையால் அழுத்தினால்தான் இறங்குகிறது. சாய்மானத்தின் உச்சியைப் பிடித்து ஆட்டினால் உள்பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டு ஆடுகிறது. டபிள்யூடி-40 அடித்ததில் இரண்டு நாள் சரியாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். ரிக்ளைனரையே (சாய்மானத்தைச் சாய்த்துப் பூட்டும் அமைப்பு) மாற்றணுமா? இந்த மாடலுக்குப் புதுசு கிடைப்பதில்லை.

திருகுமறை:
முதலில், சரியாகும்வரை அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டாதீர்கள். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் சாய்மானம் அப்படியே மல்லாந்துவிடும்.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறு இருக்கிறது. லீவர் பாதியில் நிற்கிறது என்றால் கதவுப் பக்கத்தில் ஏதோ இறுகியிருக்கிறது. முறுக்கிக்கொண்டு ஆடுகிறது என்றால் உள்பக்கப் பூட்டுப்பல் (பல்வட்டம் என்கிற பல் வைத்த தகட்டில் இறங்கிச் சாய்மானத்தை நிறுத்தும் துண்டு) பிடிக்கவே இல்லை. லீவர் இருக்கும் பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், அங்கேதான் தப்பு நடக்கும். லீவர் முழுசாகத் திரும்பாதவரை, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு உள்பக்கப் பூட்டுப்பல்லைத் தூக்கியபடியே வைத்திருக்கும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, லீவரை விட்ட நிலையில் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டுப்பல் பல்வட்டத்தின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். பல்லின் நுனியில் மட்டும் நூல் மாதிரி ஒரு பளபளப்புக் கோடு இருந்தால், நுனியில் தொற்றிக்கொண்டுதான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது. சரிவு முழுக்கப் பளபளத்தால் சரியாக உட்கார்கிறது.

டபிள்யூடி-40 காய்ந்த கிரீஸை இளக்கும், ஆனால் அழுக்கை வெளியே கொண்டுவராது. ஆவியானதும் அதே பிசின் மறுபடி கெட்டியாகும்.

கிரீஸ்கை:
சீட்டை வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும். முன்னால் நகர்த்திப் பின்பக்க போல்ட் இரண்டு, பின்னால் நகர்த்தி முன்பக்க போல்ட் இரண்டு. துரு பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாய்மானத்தை முன்னால் தள்ளும் சுருள் ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும். சாய்மானம் முழுசாக முன்னால் மடங்கியிருக்கும்போதுதான் அதன் இழுவை குறைவு, அந்த நிலையில் மட்டும் கொக்கியை விடுவியுங்கள். கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கி எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது என்று முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது அது நினைவிருக்காது.

பல்வட்டத்தையும் பூட்டுப்பல்லையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். ஃபோம் மேல் ஒரு சொட்டுகூட படக் கூடாது, வாடை போகவே போகாது. நன்றாகக் காய்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ். சுழலும் இடங்களில் தாராளமாக, பற்களில் துடைத்துவிட்ட மாதிரி மெல்லிசாக. பல்லிடுக்கில் கிரீஸ் அடைந்தால் பூட்டுப்பல் அடிவரை இறங்காது, வேலை வீண்.

பழையவண்டி:
கழற்றியாச்சு. கதவுப் பக்கப் பூட்டுப்பல் சுழலும் இடத்தில் யாரோ சாதாரண போல்ட் போட்டு நட்டை இறுக்கியிருக்கிறார்கள். நட்டைத் தளர்த்தினால் லீவர் தானாக விழுகிறது. ஆனால் அதற்கப்புறமும் உள்பக்கப் பூட்டுப்பல் அடியிலிருந்து 2 மி.மீ. மேலேயே நிற்கிறது. பல் தேய்ந்திருக்கும், வெல்ட் வைத்து ராவிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர்.

கிரீஸ்கை:
வெல்ட் வேண்டவே வேண்டாம் சார். அந்தப் பற்கள் சூடேற்றிக் கடினப்படுத்தியவை. வெல்ட் சூட்டில் ஒரு இடம் மெத்தென்று ஆகும், பக்கத்து இடம் நொறுங்கும். பார்க்க அழகாக இருக்கும், இடி வாங்கும் நேரத்தில் உடையும்.

அங்கே வர வேண்டியது தோள் (மரையில்லாத தடித்த பகுதி) வைத்த போல்ட். நட்டு தோளில் முட்டி இறுகும், தகடு மட்டும் லேசாகச் சுழலும். தகடு, வாஷர் எல்லாவற்றின் மொத்தத் தடிமனை வெர்னியரில் அளந்து, தோளை அதைவிட 0.2 மி.மீ. கூட்டிக் கடைசலில் செய்து வாங்குங்கள். போல்ட்டின் வலிமை 8.8 கிரேடுக்குக் குறையாமல் இருக்கட்டும். நட்டை அரைகுறையாகத் தளர்த்தி விட்டு ஓட்டினால் ஒரு நாள் கழன்று விழும்.

திருகுமறை:
அந்த 2 மி.மீ.க்குக் காரணம் கண்டுபிடிக்கக் குறுக்குத் தண்டை உள்பக்கம் மட்டும் கழற்றுங்கள். பூட்டுப்பல் உடனே அடிவரை விழுந்தால் தண்டின் நீளம்தான் பிரச்சினை, முனையிலுள்ள நட்டால் சரிசெய்யலாம். கழற்றியும் விழவில்லையென்றால் அதன் குட்டி ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், இல்லையேல் கொக்கி விலகியிருக்கும்.

சரிசெய்யும்போது லீவர் நுனியில் 3 முதல் 5 மி.மீ. வெற்று ஆட்டம் விடுங்கள். அது தீர்ந்தபின் இரண்டு பூட்டுப்பல்லும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டினால் மறுபடி பாதிப் பிடிப்புதான்.

பல்வட்டத்தில் எப்போதும் ஓட்டும் கோணத்திலுள்ள இரண்டு மூன்று பல் மட்டும் தேய்ந்திருக்கும், அது சகஜம். பூட்டுப்பல்லின் நுனி உருண்டிருந்தால் எந்தக் கோணத்திலும் நம்ப முடியாது. அப்போது அதே மாடல் பழைய சீட்டிலிருந்து ஜோடியாக எடுத்து இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

பழையவண்டி:
தண்டைக் கழற்றியதும் 'கிளிக்' என்று அடிவரை விழுந்தது. நுனி கூராகவே இருக்கிறது. முனை நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தியதில் இரண்டு பக்கமும் சேர்ந்து எழும்புகிறது. தோள் போல்ட் கடைசலுக்குக் கொடுத்திருக்கிறேன், அது வந்ததும் மாட்டி ஒவ்வொரு பல்லிலும் முழங்காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை வண்டியில் ஏற்றுவேன்.