யூடியூப், நெட்பிளிக்ஸும் நெட்வொர்க் செலவில் பங்கு தரணுமா?

கேள்வி: மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறோம், அப்புறம் எதற்கு இந்த நிறுவனங்களும் பணம் தர வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகள் கேட்கின்றன? தந்தால் நம் ரீசார்ஜ் விலை குறையுமா?

பதில் 1: குறையும் என்று நம்பாதீர்கள். தென் கொரியாவில் இணையத்தில் டேட்டா அனுப்புகிறவர் நெட்வொர்க்குக்குக் கட்டணம் கட்டும் முறை உண்டு. அங்கே நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2022இல் வீடியோ தரத்தை 720பி ஆகக் குறைத்தது, பிறகு மற்ற பெரும்பாலான நாடுகளைவிட பத்து மடங்கு செலவாகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கடையையே மூடிவிட்டது. நஷ்டம், வீடியோ பார்த்து வந்தவர்களுக்குத்தான்.

பதில் 2: சரி, ஆனால் டவர், கேபிள், அலைக்கற்றை ஏலம் எல்லாவற்றுக்கும் பணம் போடுவது டெலிகாம்தானே? வீடியோதான் அதிக டேட்டாவை விழுங்குகிறது. அதையும் யோசிக்கணும்.

பதில் 3: அந்த வீடியோவைக் கேட்டு வாங்குவது நாம்தான் நண்பரே, டேட்டாவுக்குக் காசும் கொடுத்தாகிவிட்டது. நெட்பிளிக்ஸ் தன் வீடியோக்களைச் சேமித்து வைக்கும் சர்வர் பெட்டிகளை இணைய நிறுவனங்களுக்கு இலவசமாகவே தந்து பளுவைக் குறைக்கிறது. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதியால்தான், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்கே நின்றது. தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றக் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். இப்போது நெட்வொர்க் செலவில் பங்கு கேட்டால் பெரிய நிறுவனங்கள் கட்டிவிடும், சென்னையில் புதிதாக ஒரு ஆப் தொடங்குகிறவர் என்ன செய்வார்?